சுரைக்கொடியில் காய்த்த மிதவைச் சட்டைகள்

ஆறு கடலைத் தொடுவதற்கு முன்னால் களைத்துப்போய்க் கைகாலை நீட்டிப் படுத்துக்கொள்கிற இடத்தில், நாலு பக்கமும் கழித்தண்ணீர் சூழக் கிடக்கிற கோரைத்திட்டில், படகுத் தொண்டர் மன்றத்தின் கொட்டகைக் கூரைமேல் ஏறிப் படர்ந்திருந்த சுரைக்கொடி, பொங்கல் கழிந்த அடுத்த வாரத்திலிருந்து சுரைக்காய்க்குப் பதிலாக மிதவைச் சட்டை காய்க்கத் தொடங்கியது.

முதலில் பார்த்தவள் மன்றத்தின் தலைவி மங்கையர்க்கரசி, ஊர் கூப்பிடுவது அரசி என்று. தலைவி என்றால் ஓட்டு வாங்கி ஜெயித்த தலைவியில்லை. எனக்கு வேண்டாம் எனக்கு வேண்டாம் என்று எல்லாரும் நகர்ந்துகொண்டே போக, நகராமல் நின்றவள் மடியில் வந்து விழுந்த பதவி அது. விடியலில் கொட்டகை வாசலைக் கூட்டி, கழி இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கொடிக்குத் தண்ணீர் ஊற்ற நிமிர்ந்தவள், பூ வாடி உதிர்ந்த காம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தொங்குவதைக் கண்டாள். கை நுழைக்க இரண்டு ஓட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே வார், வாரின் நுனியில் கொக்கி, வலது தோளில் இன்னும் பச்சை மாறாத ஒரு விசில். பிஞ்சு, முற்றுவதற்கு இன்னும் நாளாகும் என்று அவளுக்குத் தோன்றியது. யார் கண்ணாவது பட்டுவிடப்போகிறதே என்று ஓர் இலையை இழுத்து அதை மூடிவிட்டு, "ஆத்தா, பூச்சி விழாம பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே செம்பிலிருந்த தண்ணீரை வேரில் விட்டாள்.

கோரைத்திட்டுக்குப் பாலம் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் அரிசிக்கும் கல்யாணச் சேலைக்கும் எதிர்க்கரையில் இருக்கிற ஆலங்கரைக்குப் படகில்தான் போகவேண்டும். போகிறவர்கள் போனபடியே திரும்பவேண்டும் என்பதற்காக அரசி தொடங்கியது அந்த மன்றம். சம்பளமும் இல்லை, சீருடையும் இல்லை. ஆள்மாற்றி ஆளாகத் துறையில் நின்று, படகின் விலாவில் அடித்திருக்கிற சிவப்புக்கோடு தண்ணீருக்குள் முழுகுகிற அளவுக்கு ஆள் ஏறினால் நாலு பேரை இறக்கிவிடுவது, மூங்கிலில் கட்டிய துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக் காற்று சரியில்லாத நாளில் படகை நிறுத்திவைப்பது, படகு கவிழ்ந்தால் பதறாமல் கைகோத்துக்கொண்டு எப்படி மிதப்பது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் தண்ணீரில் பழக்கிக்கொடுப்பது, இதுதான் அவர்கள் வேலை. துறையில் டீக்கடை போட்டிருக்கிற பாத்திமுத்து அவளுக்கு வலதுகை. ஒரு கண் பாலில் இருந்தால் ஒரு கண் படகில் இருக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் பவளக்கொடி. அரசியின் கூடப்பிறந்த தங்கை. சில வருஷங்களுக்கு முன்னால், பங்குனித் திருவிழாவில் ஊர்த்தெய்வம் கழியாத்தாள் படகேறி எதிர்க்கரைக்குப் போகிற நாளில், ஆத்தாளோடு போன படகு கவிழ்ந்து, நீச்சல் தெரிந்த பவளக்கொடி மட்டும் திரும்பி வரவில்லை. படகை ஓட்டியவன் அவள் புருஷன் சிங்காரவேலு. அரசியின் புருஷனுக்குக் கூடப்பிறந்த தம்பி. அக்கா தங்கையை அண்ணன் தம்பிக்குக் கொடுத்த வீடு அது. அதற்குப் பிறகும் ஆத்தாளின் படகை அவன்தான் ஓட்டினான், அது பரம்பரை உரிமை. அதற்குப் பிறகு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அது எந்தப் பரம்பரையிலும் இல்லாதது.

கோரைத்திட்டுக்காரர்கள் அரசி சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள், மிதவைச் சட்டைக்கு மட்டும் ஆட்டவில்லை. ஒருத்தன் துடுப்புப் பிடித்திருக்கும்போது அவன் படகில் மிதவை கட்டிக்கொண்டு உட்காருவது, விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்கு மடியில் உப்பு முடிந்துகொண்டு போவது மாதிரி. உனக்குப் படகோட்டத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட மோசம். யாரோ புண்ணியவான்கள் ஒருமுறை தானமாகக் கொடுத்துவிட்டுப் போன பழைய சட்டைகளில் ஒன்று பாத்திமுத்துவின் பெஞ்சுக்கு மெத்தையானது, ஒன்று குட்டி போட்ட ஆட்டுக்குக் குளிருக்கு ஆனது, மீதியை எலி தின்றது. எங்களுக்கு எதுக்கு அரசியக்கா ஜாக்கெட்டு, கொக்கி முன்னாடி வெச்சதா பின்னாடி வெச்சதா என்று வாலிபர்கள் கேலி பேசினார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, சாயங்காலம் விளக்கு வைக்கும்போது அவர்கள் ஒவ்வொருவன் பேரையும் சொல்லிக் கும்பிட்டாள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் கொடி காய்த்தது, அதுவும் சும்மா காய்க்கவில்லை, கொத்துக்கொத்தாகக் காய்த்தது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் கருவாட்டுத் தண்ணீர் கொட்டுவதால் இப்படி என்றார்கள் சிலர்; இல்லை, அரசி பாட்டுப்பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவதால் என்றார்கள் சிலர். காரணத்தைப் பற்றிய பேச்சு அரை நாளில் தீர்ந்துபோய், எறா போட்டுக் குழம்பு வைத்தால் வேகுமா என்கிற பேச்சு ஒரு வாரம் நடந்தது. ஒருத்தி ஒரு பிஞ்சை அரிந்து வைத்தும் பார்த்துவிட்டு, நாலு விறகு எரிந்ததுதான் மிச்சம் என்று உதட்டைப் பிதுக்கினாள். ஏட்டுச் சுரைக்காய்தான் கறிக்கு உதவாது என்று கேட்டிருக்கிறோம், கூரைச் சுரைக்காயும் உதவவில்லையே என்றார் பூசாரி தம்புசாமி. விவசாய ஆபீசிலிருந்து வந்தவர் இலையைத் திருப்பிப் பார்த்து, மாவுப்பூச்சி இல்லை, நல்ல கொடி, வேப்பம்புண்ணாக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விதை வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டுக் கூரையில் ஏற்றியவர்களுக்கு வெறும் சுரைக்காய் காய்த்தது, அதைப் பொரியல் செய்து சாப்பிட்டார்கள்.

மாசி முடிவதற்குள் எல்லாருக்கும் அந்தக் காயின் குணம் பழகிவிட்டது. பிஞ்சிலேயே பறித்தால் கைக்குழந்தைக்குச் சரியாக இருக்கும், அரைப்பழமாகப் பறித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, நன்றாக முற்றவிட்டால் பெரியவர்களுக்கு. காற்றடிக்கிற நாளில் கொடி முழுக்க விசில் ஊதும், துவைத்த துணியை எடுக்கப் பெண்கள் வாசலுக்கு ஓடுவார்கள். முற்றிய காய் விடியலில் டக்கென்று தன் கொக்கியைத் தானே மாட்டிக்கொள்ளும். அதுதான் பறிக்கிற பக்குவம். பறிக்காமல் விட்டால் டக், டக் என்று மாட்டிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் அடம்பிடிக்கும். ஊரில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் கொடியில் ஒரு மொட்டு கூடுதலாக வரும். பறிக்கப் பறிக்கத்தான் தெரிந்தது, ஊரில் எத்தனை தலையோ அத்தனை காய்.

அரசிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனால் அவள் ஒரு தப்பு செய்தாள். கோரைத்திட்டில் யார் செய்தாலும் செய்யக்கூடிய தப்புதான்: முதல் காயை ஆத்தாளுக்குக் கொண்டுபோனாள்.

அந்த ஊரில் முதல் மீன், முதல் இளநீர், முதல் மாதச் சம்பளம் எல்லாம் கழியாத்தாள் காலடியில் வைத்த பிறகுதான் வீட்டுக்கு. முதல் சட்டையையும் தட்டில் வைத்து வெற்றிலை பாக்கோடு கொண்டுபோக, பூசாரி தம்புசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உடுப்பாக வந்ததை உடுத்தத்தானே வேண்டும் என்று, திருவிழாவுக்குப் புறப்பாடு போகிற முழ உயரத்துச் செப்புத் திருமேனிக்கே அணிவித்துவிட்டார். பட்டுப்பாவாடைக்கு மேலே ஆரஞ்சுச் சட்டையோடு ஆத்தாள் நின்ற அழகைப் பார்த்து அரசி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இனி ஊர் சட்டை போடும் என்று நினைத்தாள்.

ஊர் சட்டையைப் போடவில்லை. ஆத்தாள் உடுத்தியதை மீன் தின்கிற உடம்பில் உடுத்தலாமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள், அந்தக் கேள்வி மறுநாளே எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. பறித்துக்கொண்டு போன காயை ஒவ்வொரு வீட்டிலும் சாமி மாடத்தில் ஆணியடித்து மாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார்கள். கைக்குழந்தைக்கான பிஞ்சுச் சட்டைக்குப் பூச்சரம் சுற்றிவிட்டு, குழந்தையை வெறும் உடம்போடு இடுப்பில் வைத்துக்கொண்டு படகேறினார்கள். அரசி துறையில் நின்று அதைப் பார்த்தாள். பாத்திமுத்து டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"முன்னாடி மானம் போகும்னு போடல. இப்ப சாமின்னு போடல" என்றாள் அரசி. "எப்படியோ, தண்ணிக்கு நல்ல காலம்."

பங்குனி பிறந்தது. கழியாத்தாள் எதிர்க்கரைக்குப் போகிற நாள் நெருங்க நெருங்க அரசிக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு ஊரே படகேறும். சிவப்புக்கோடாவது காற்றுத்துணியாவது, ஆத்தாளைவிட்டு யாரை இறங்கச் சொல்வது? அவளுடைய திருமணமான மகளும் வருவாள், மடியில் பிள்ளையோடு. இன்னொரு முறை துறையில் நின்று, வராத ஒரு ஆளுக்காகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. கோயிலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து, தாயே, நீ காய்க்கவைத்துக் கொடுத்தாய், கொண்டுபோய் உன் தலையிலேயே கட்டிவிட்டேன், புத்தி இல்லாதவள் நான், இனி நீயே ஒரு வழி சொல் என்று வெகுநேரம் முறையிட்டாள். உள்ளே பூசாரி காப்புக் கட்டுவதற்கு மஞ்சள் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்தாள்.

திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் ஆத்தாள் கையில் காப்புக் கயிறு கட்டுவார்கள். பிறகு ஆத்தாளின் படகோட்டிக்கு. பிறகு ஊருக்கு. கட்டின கயிறு, ஆத்தாள் கழி கடந்து திரும்பி வந்து அவிழ்க்கிறவரைக்கும் உடம்பைவிட்டு இறங்கக்கூடாது. இறக்கினவன் வீட்டில் விளக்கு எரியாது என்பது சொல்.

"பூசாரி, இந்த வருஷம் காப்பைக் கயித்துல கட்டாம சட்டையில கட்டினா என்ன?"

தம்புசாமி கயிறு திரிப்பதை நிறுத்தினார். "அப்படி வழக்கம் இல்லையே அரசி. சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல."

"சுரைக்கொடியில சட்டை காய்க்கிறது எந்தச் சாஸ்திரத்துல இருக்கு பூசாரி?"

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். நான் யார் சொல்ல, அவளையே கேட்போம், வலப்பக்கம் பூ விழுந்தால் சம்மதம் என்று ஆத்தாளின் தலையில் பூவை வைத்துவிட்டு இரண்டு பேரும் கைகூப்பி நின்றார்கள். பூ விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆத்தாளின் சட்டையிலிருந்த விசில், தூக்கத்தில் குழந்தை மூச்சுவிடுவது மாதிரி, மெல்ல ஒருமுறை ஊதியது. விசில் இருந்தது வலது தோளில். சரி, அதுவும் வலப்பக்கம்தான் என்றார் பூசாரி.

சாமி மாடத்தில் மாட்டியிருந்ததைத் தொட யோசித்தவர்கள், காப்பு என்றதும் யோசிக்கவில்லை. காப்புக் கட்டாமல் திருவிழா பார்த்தவர்கள் அந்த ஊரில் பிறக்கவில்லை. மீதியிருந்தது ஒரே ஒரு ஆள். ஆத்தாளுக்கு அடுத்து காப்புக் கட்டவேண்டிய சிங்காரவேலு முடியாது என்றுவிட்டான். அவன் கட்டாமல் அடுத்த ஆளுக்குக் கட்ட வழியில்லை. அவனுக்கான காயோ கூரைமேல் முற்றிப் பழுத்து, பறிப்பாரில்லாமல், பொழுதன்றைக்கும் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. யாருடைய காய் என்று ஊருக்கே தெரியும்.

அரசி அவனைத் தேடிப்போனபோது அவன் உச்சிவெயிலில் படகைக் கவிழ்த்துப்போட்டுப் பலகைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே பேசினான்.

"அந்தச் சனியனைப் பறிச்சுப் போடுங்க அண்ணி. காதுல விழுந்துக்கிட்டே இருக்கு."

"உங்க காயை நான் எப்படிப் பறிக்கிறது தம்பி?"

"நான் அதைக் கட்டிக்கிட்டா ஊரு என்ன சொல்லும்? சிங்காரவேலுக்கே அவன் கைமேல நம்பிக்கை இல்லை, அன்னிக்கும் அவன் கைதான் தப்பு பண்ணியிருக்குன்னு சொல்லும்."

அரசி கவிழ்ந்த படகின்மேல் கையை வைத்துக்கொண்டாள். பலகை சுட்டது, எடுக்கவில்லை.

"பவளத்துக்கு நீச்சல் தெரியும். உங்களுக்குப் படகு தெரியும். தண்ணிக்கு ரெண்டும் தெரியலை தம்பி. இதுல யாரு கை, யாரு தப்பு? நான் விளக்கு வெக்கிறப்ப அவ பேருக்கு அடுத்து உங்க பேரைத்தான் சொல்றேன். ஒரு நாள்கூட மாத்திச் சொன்னதில்லை."

அவன் எண்ணெய்த் துணியை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். அவள் படகிலிருந்து கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மறுநாள் விடிந்தபோது ஊர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது, கூரைமேல் சத்தமில்லை. காம்பு மட்டும் இருந்தது, புதிதாகக் கிள்ளியது.

காப்புக் கட்டிய அந்த எட்டு நாளும் கோரைத்திட்டு ஆரஞ்சு நிறத்தில் நடமாடியது. சட்டையோடு எறா பொறுக்கினார்கள், சட்டையோடு சோறு வடித்தார்கள், ஒருக்களித்துப் படுக்கமுடியாமல் மல்லாந்தே தூங்கினார்கள், தோப்புத் தகராறில் ஒருவரை ஒருவர் சட்டையில் பிடித்து உலுக்கியபோது விசில் ஊதி ஊர் கூடிவிட்டது. ஆலங்கரைப் பேருந்து நடத்துனர், என்ன ஊரோட எங்கேயாவது வேலைக்குச் சேந்துட்டீங்களா என்று கேட்டார். பாத்திமுத்து, எனக்குக் காப்பு வேண்டாம், சட்டை போதும் என்று சொல்லி, அல்லா பேரைச் சொல்லித் தானே கொக்கியை மாட்டிக்கொண்டாள்.

ஆத்தாள் புறப்பட்ட காலையில் மூங்கில்துணி அசையக்கூட இல்லை. மேளமும் நாயனமும் முன்படகில், ஆத்தாளும் பூசாரியும் அரசியும் அவள் மகளும் பேரப்பிள்ளையும் இன்னும் சிவப்புக்கோடு தாங்குகிற அளவுக்கு ஆட்களும் சிங்காரவேலுவின் படகில், அதன்பின்னே ஊர், எல்லாருக்கும் பின்னே மன்றத்துப் படகில் பாத்திமுத்துவும் மற்ற தொண்டர்களும். நடுக்கழிக்குப் போனபோது கடல் பக்கமிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கொண்டல் காற்று எழுந்தது. அலை பக்கவாட்டில் வந்து படகைத் தூக்கியது. சிங்காரவேலு துடுப்பை வளைத்துப் படகின் முகத்தை அலைக்குத் திருப்பியும்விட்டான். அவன் கை தப்பவில்லை. ஆனால் பீடத்தில் இருந்த ஆத்தாள் சாய்ந்தாள், ஐயோ தாயே என்று அவளைத் தாங்கப் படகிலிருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் எழுந்தார்கள்.

உட்காருங்க என்று அவன் கத்தியது அரசியின் காதில் பாதி காற்றாகவும் பாதி தண்ணீராகவும் விழுந்தது.

உப்பும் இருட்டுமாக ஒரு கணம். மேல் எது, கீழ் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் நெஞ்சைக் கட்டியிருந்தது அவளை மேலே இழுத்தது, தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற கை மாதிரி, அவசரமே இல்லாமல். தலை வெளியே வந்ததும் அவள் முதலில் கேட்டது அழுகையை. பேரப்பிள்ளை, பிஞ்சுச் சட்டையில் நெற்றி நனையாமல் மல்லாந்து மிதந்துகொண்டு, பாலுக்கு அழுகிற குரலில் அழுதது. பக்கத்தில் அதன் தாய். அந்தப் பக்கம் பூசாரி, குடுமி அவிழ்ந்து. சுற்றிலும், யாரோ கனகாம்பரச் சரத்தை அறுத்துத் தண்ணீரில் உதிர்த்துவிட்ட மாதிரி, அலைக்கு அலை ஏறி இறங்கும் தலைகள். விசில்கள் ஊதின, ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு ஊதின. ஞாயிற்றுக்கிழமைகளில் சிரித்துக்கொண்டே பழகியவர்கள், கேலி பேசிய அதே வாலிபர்கள், பக்கத்திலிருந்த கையைப் பிடித்தார்கள், அந்தக் கை அடுத்த கையை, ஒரு பெரிய வட்டம் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை நடுவில் விட்டார்கள்.

வட்டத்துக்கு நடுவில் ஆத்தாள் மிதந்தாள். முழுச்செம்பு, இரண்டு ஆள் தூக்குகிற கனம். தண்ணீருக்குமேல் இடுப்புவரை நிமிர்ந்து, மூக்குத்தி மின்ன, மெல்லத் திரும்பித் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு மிதந்தாள். கற்பூரம் நனைந்துபோனதால் பூசாரி வெறும் கையையே சுற்றி ஆரத்தி காட்டினார். தீர்த்தவாரி அந்த வருஷம் நடுக்கழியிலேயே, படகில் வந்தவர்களெல்லாம் ஆத்தாளோடு முழுகி, நடந்து முடிந்தது.

கொண்டல் வந்த மாதிரியே போய்விட்டது. மற்ற படகுகள் வந்து சேர்ந்து ஒவ்வொருவராக ஏற்றி ஆலங்கரைக் கரையில் இறக்கின. சிங்காரவேலு கடைசியாகத்தான் ஏறினான். கரையில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றவர்களைப் பாத்திமுத்து விரல்விட்டு எண்ணினாள், ஆத்தாள் பீடத்தில் அமர்ந்த பிறகு, ஏறுகிற ஆட்களை எண்ணினவளும் அவள்தான். எண்ணி முடித்து முகம் மாறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"கூடுதலா வருதே" என்றாள் பாத்திமுத்து. "ஒரு ஆள் கூடுதலா வருதே அக்கா."

சிங்காரவேலு திரும்பிக் கழியைப் பார்த்தான். அரசியும் பார்த்தாள். தண்ணீர் வெயிலில் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது. அவன் எதைத் தேடுகிறான் என்று அவள் கேட்கவில்லை, அவளும் அதையேதான் தேடினாள்.

"அடி பாத்திமுத்து, ஆத்தாளையும் சேத்து எண்ணிப்புட்டியா?" என்றார் பூசாரி.

"சட்டை போட்டிருந்தா எண்ணுன்னுதானே அரசியக்கா சொல்லியிருக்கு. சாமி, ஆளுன்னு பிரிச்சா சொல்லுச்சு?"

ஒருத்தர் சிரித்தார், பிறகு பத்துப் பேர், பிறகு கரையே சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையோடு சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் சிங்காரவேலு அரசியின் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு கையால் சட்டையின் கொக்கியை இறுகப் பிடித்திருந்தான்.

"எண்ணினது சரிதான் அண்ணி" என்றான். "ஏத்தினவங்க அத்தனை பேரையும் இறக்கிட்டேன்."

"அத்தனை பேரையும் தம்பி" என்றாள் அவள்.

அவன் உதடு கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தாள். அழவில்லை, சிரித்தான், பழக்கம் விட்டுப்போனவன் சிரிக்கிற சிரிப்பு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் ஏறாமல். அதற்குள் மேளக்காரர், முன்படகுக்குள் அலையடித்ததில் நிரம்பிய தவிலைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நனைந்த தோலில் ஒரு அடி அடித்துப் பார்த்தார். சத்தம் கொழகொழவென்றுதான் வந்தது. அது போதும் என்று ஆத்தாளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஊர் நடக்கத் தொடங்கியது.